மேயரின் சட்டைப் பொத்தான்

மணிலா
28 மார்ச் 1995

அன்புள்ள அக்கா,

இங்கு நலம் என்றுதான் எழுத வேண்டும். இடுப்பு எலும்பு சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குளியலறைக்குப் போவதென்றாலும் ஒரு நாற்காலியை முன்னால் தள்ளிக்கொண்டே போகிறேன். மகள் மரிவிக் காலை ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருகிறாள். அதுவரை நானும் அவளுடைய இரட்டைப் பிள்ளைகளும்தான் வீட்டில். வெயில் சுடுகிறது. அங்கே கடல்காற்றாவது இருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு நான் எழுதியதற்கு உன் பதில் வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கலாம்.

ரோமெல் உன்னிடம் வந்து சொன்னானா தெரியாது. கவுன்சிலர் பதவிக்கு நிற்கிறான், மேயருக்கு எதிர் அணியில். எனக்குப் பிடிக்கவில்லை. "ரேடியோ ரிப்பேருக்கு வர்றவங்க எல்லாரும் நில்லு நில்லுன்னு சொல்றாங்கம்மா, நான் என்ன செய்யட்டும்" என்கிறான். முப்பத்தாறு வயதுப் பிள்ளையை எப்படித் தடுப்பது?

மே ஆறாம் தேதி அவர்களுடைய கடைசிக் கூட்டம். ஒவ்வொரு வேட்பாளரின் கையையும் அவனைப் பெற்றவள் மேடையேறித் தூக்கிக் காட்டுவது வழக்கம். பெற்றவள் வராத வேட்பாளரைப் பற்றி நம் ஊர் என்ன பேசும் என்று உனக்குத் தெரியும். இந்த இடுப்போடு பதினெட்டு மணி நேரம் கப்பலில் வர முடியாது.

அக்கா, நான் மலைப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தபோது அவன் ஐந்து வயது வரை உன் வீட்டில்தான் வளர்ந்தான். முதலில் அம்மா என்று கூப்பிட்டதும் உன்னைத்தான். என் இடத்தில் நீ நின்று அவன் கையைத் தூக்குவாயா? முடியாதென்றால் முடியாதென்று எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் தங்கை,
கொன்சிங்

*

பலிங்கன்
9 ஏப்ரல், குருத்து ஞாயிறு

கொன்சிங்,

உன் கிறிஸ்துமஸ் கடிதம் தொலையவில்லை. வந்தது. படித்தேன். அலமாரியில் இருக்கிறது. பதில் எழுதத் தோன்றவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இந்தக் கடிதத்தை வாத்தியாரம்மா சிவப்பு மையால் திருத்த வேண்டாம்.

எங்கள் சேதி சொல்கிறேன். மகன் நெஸ்டர் இன்னும் மூன்று சக்கர வண்டிதான் ஓட்டுகிறான், வண்டி ஒரு நாள் ஓடினால் இரண்டு நாள் படுக்கிறது. பன்றி ஏழு குட்டி போட்டு இரண்டின் மேல் தானே படுத்துக்கொண்டது. மருமகள் லோர்ணா சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கிற வேலையில் ஒன்பது வருடமாக இருக்கிறாள், ஒன்பது வருடமும் தற்காலிகம். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் மேயர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆறு மாதம். இந்த வீட்டில் ஐந்து பேர் சாப்பிடுவது அவள் சீருடையை நம்பித்தான்.

நீ கேட்பது எனக்குப் புரிகிறது. 1971 நவம்பர் ஆறாம் தேதி, சனிக்கிழமை, என் புருஷன் தோன்யோ கவுன்சிலருக்கு நின்ற கடைசிக் கூட்டம் உனக்குப் புரிந்ததா? குடும்பத்துக்கென்று மேடையில் ஆறு நாற்காலி போட்டிருந்தார்கள். ஐந்தில் ஆள் இருந்தது. ஆறாவது உனக்கு. ஒன்பது மணி வரை பார்த்துவிட்டு பாண்டு வாத்தியக்காரன் அதில் பெரிய முரசைத் தூக்கி வைத்தான். கூட்டத்தில் எவனோ, "தோன்யோவுக்குக் கொழுந்தியா நல்லாத்தான் தடிச்சிருக்கா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். தோன்யோவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. பதினாலு ஓட்டில் தோற்றார். சொந்த மச்சினிச்சியே வராதவனுக்கு ஊர் எதற்கு ஓட்டுப் போடும்?

தோன்யோ நின்றது அப்போதைய மேயருக்கு எதிர் அணியில், அவர் இப்போதைய மேயரின் அப்பா. உனக்கு அவர் முகம் முக்கியமாக இருந்தது. தோன்யோ செத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, அந்த நாற்காலியை நான் இன்னும் இறக்கி வைக்கவில்லை.

ரோமெல் நான் வளர்த்த பிள்ளை. அவன் மேல் கோபம் இல்லை. ஆனால் லோர்ணாவின் சீருடையை நான் பணயம் வைக்க மாட்டேன். முடியாது.

எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

பசிலியா

*

மணிலா
19 ஏப்ரல் 1995

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. நான் மறுபடியும் கேட்கப்போவதில்லை. நீ சொன்ன காரணம் சரியான காரணம். அது சரியென்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் இருபத்துநாலு வருடம் இருந்தேன். வெட்கம்தான் காரணம், வேறில்லை.

அன்று நான் கிளம்பினேன். நீலக் கவுன் போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, ரொட்டிக்கடை முக்கு வரை வந்தேன். அங்கே எங்கள் தலைமையாசிரியர் விளக்குக் கம்பத்தடியில் ஒரு நோட்டோடு நின்றிருந்தார். யார் யார் மைதானத்துக்குப் போகிறார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "டீச்சர், நீங்களும் கூட்டத்துக்கா?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். நானும் பதினொரு வருடத் தற்காலிகம். டிசம்பரில் கையெழுத்து. "இல்ல சார், ரொட்டி வாங்க வந்தேன்" என்றேன். ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். வீட்டில் ஏற்கனவே ரொட்டி இருந்தது.

இது சமாதானம் இல்லை, அக்கா. நடந்தது. அவ்வளவுதான்.

ரோமெலின் கையைத் தூக்கக் கோவில் பாட்டுக்குழுவில் ஒரு அம்மாளைக் கேட்டிருக்கிறார்களாம். பரவாயில்லை.

கொன்சிங்

*

பலிங்கன்
9 மே

கொன்சிங்,

நேற்று ஓட்டுப் போட்டாயிற்று. பள்ளிக்கூடத்தில் இன்னும் எண்ணுகிறார்கள். லோர்ணா வேலைக்குப் போயிருக்கிறாள், பிள்ளைகள் தூங்குகிறார்கள். இதைவிட்டால் எழுத நேரம் கிடைக்காது.

நான் போனேன். நீ ரொட்டிக்கடை வரை வந்ததை இத்தனை வருடம் கழித்துச் சொல்கிறாய். அப்போதே சொல்லியிருந்தால் பாதிக் கோபம்தான் பட்டிருப்பேன். மீதியை வேறு யாருக்காவது வைத்திருக்கலாம்.

அதற்காக மட்டும் போகவில்லை. ஈஸ்டர் பூசை முடிந்து வாசலில் மேயரின் பெண்சாதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரோமெல் நீங்க வளத்த பிள்ளையாமே அக்கா. கூச்சப்படாம போய்க் கையைத் தூக்குங்க. கட்சி இன்னிக்கு வரும் நாளைக்குப் போகும், ரத்தம் ரத்தந்தான். எங்க வீட்டுக்காரர் அதையெல்லாம் மனசுல வைக்கிறவர் இல்ல" என்றாள். அது இந்த ஊர் வழக்கம்தான். உறவுக்குக் கை தூக்கினால் யாரும் கேட்க மாட்டார்கள். அவள் வாயாலேயே வந்ததும் எனக்குத் துணிச்சல் வந்தது.

லோர்ணாவிடமும் கேட்டேன். அவள் சீருடை துவைத்துக்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போங்க அத்தை. நீங்க போகலன்னா லோர்ணாவுக்காகத்தான் போகலன்னு இன்னும் இருபத்துநாலு வருஷம் நான்தான் கேக்கணும். எனக்கு அவ்வளவு தெம்பு இல்ல" என்றாள். என் மருமகளுக்கு வாய் கொஞ்சம்தான், அதில் ஒரு சொல்லும் வீணாகாது.

கூட்டம் கூடைப்பந்து மைதானத்தில். மலைக்கிராமத்து சனத்தை மூன்று லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். பாதிப் பேர் முதல் நாள் மேயர் கூட்டத்தில் கொடுத்த பச்சைப் பனியன் மேலேயே இவர்கள் கொடுத்த ஊதாப் பனியனைப் போட்டிருந்தார்கள். வேர்வை ஊற்றுகிறது, கழற்ற மாட்டேன் என்கிறார்கள். இஞ்சி போட்ட கோழிக்கஞ்சி, தலைக்கு அரை முட்டை. எனக்கு முன்னால் நின்ற கிழவன், "நேத்து அவங்க முழு முட்டை போட்டாங்க" என்றான். கஞ்சி ஊற்றுகிறவள், "அப்ப ஓட்டையும் அங்கயே முழுசாப் போடு தாத்தா" என்றாள்.

வேட்பாளர் எல்லாரும் ஆடினார்கள். ரோமெல் ஆடவும் இல்லை, பாடவும் இல்லை. மைக் கொரகொரவென்றபோது ஓடிப்போய் அதைச் சரிசெய்தான். அதற்குத்தான் அவனுக்குக் கைதட்டல்.

பிறகு என்னை மேலே கூப்பிட்டார்கள். என் முழங்கால் உனக்குத் தெரியும். நாலு படியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு ஏறினேன். அவன் கையைத் தூக்கினேன். "பெரியம்மா, போதும், எறக்குங்க, வலிக்கும்" என்றான். அதோடு நான் இறங்கியிருக்க வேண்டும்.

அறிவிப்பாளன் மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டி, "பெரியம்மா ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எனக்குப் பேசத் தெரியாது. மூணாங் கிளாஸ். ஆனா மறக்கவும் தெரியாது. எண்பத்தெட்டு, ஜனவரி ஒன்பது, சனிக்கிழமை. மேயர் எங்க சந்துக்கு ஓட்டுக் கேக்க வந்தாரு. மஞ்சச் சட்டை. ரெண்டாவது பொத்தான் இல்ல. எங்க பெஞ்சில உக்காந்து வறுத்த வாழைப்பழம் மூணு தின்னாரு, நாலாவதைக் கடிச்சுட்டு வச்சாரு. நான் ஊசி நூல் எடுத்து சட்டைக்குப் பொத்தான் தைச்சுக் குடுத்தேன். 'ஜூன் திருவிழாவுக்குள்ள உங்க வாசலுக்குக் குழாய்த்தண்ணி வந்துரும்மா'ன்னாரு. ஏழு வருஷம் ஆச்சு. ஈஸ்டர் பூசைக்கு அதே சட்டையில வந்தாரு, பாத்தேன். பொத்தான் நிக்குது. தண்ணிதான் வரல."

மைதானம் முழுக்கச் சிரித்தது, கொன்சிங். லாரி டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். எனக்கு நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேயர் ஜீப் எங்கள் பக்கம் வந்தபோது பெட்டிக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் "பொத்தான், பொத்தான்" என்று கத்தினார்கள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையைத் தூக்கியதற்கு மன்னிப்பு உண்டு. சிரிக்க வைத்ததற்கு உண்டா?

பசிலியா

*

மணிலா
20 மே 1995

அன்புள்ள அக்கா,

எட்டாவது இடம். எட்டுப் பேர்தான் கவுன்சிலர்கள், என் பிள்ளை எட்டாவது. ரோமெல் தொலைபேசியில் அழுதுவிட்டான். "பெரியம்மா பேசினதுலதாம்மா ஜெயிச்சேன்" என்றான். மரிவிக் நூடுல்ஸ் செய்தாள். நான் நாற்காலியை விட்டுவிட்டு ஆறு அடி தனியாக நடந்தேன்.

உனக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. அத்தனை வருடப் பாடம் நடத்தியும் இல்லை.

மேயரும் ஜெயித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். லோர்ணாவுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புகிறேன். ஒன்பது வருட வேலைக்காரியை யாராவது ஒரு பொத்தானுக்காக அனுப்புவார்களா? ரோமெல் பார்த்துக்கொள்வான். அவன் இனிக் கவுன்சிலர்.

கொன்சிங்

*

பலிங்கன்
2 ஜூலை

கொன்சிங்,

அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். லோர்ணா மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தாளாம். யாரும் ஒரு சொல் கடிந்து பேசவில்லையாம். அந்த இடத்துக்கு மேயர் பெண்சாதியின் தங்கச்சி மகள் வந்திருக்கிறாள். பத்தொன்பது வயசு. ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறதாம்.

லோர்ணா என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நானும் பதிலுக்கு நாலு சொல்லி ஆற்றிக்கொள்வேன். சோறு போட்டுக் கொடுக்கிறாள், என் முழங்காலுக்குத் தைலம் தடவுகிறாள், அடுத்த வேலைக்குப் போய்விடுகிறாள். நேற்று காலையில் பழக்கத்தில் நாலரைக்கே எழுந்து சீருடையை இஸ்திரி போட்டாள். போட்டு முடித்த பிறகுதான் நினைவு வந்தது. மடித்து வைத்தாள். நான் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன்.

ஊருக்குப் பிரசவம் பார்க்க அவள்தான் கை. வலி வந்த பெண்கள் இன்னும் எங்கள் வாசலுக்குத்தான் வருகிறார்கள். "நிலையத்துக்குப் போம்மா, நான் தொட்டா என் மேல கேசு போடுவாங்க" என்று திருப்பி அனுப்புகிறாள். அனுப்பிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நிற்கிறாள்.

உன் பிள்ளை வந்து பார்த்தான். "பொறுங்க பெரியம்மா, வழி பண்றேன்" என்றான். அவனும் இளைத்துத்தான் இருக்கிறான்.

வேறு எழுத ஒன்றுமில்லை. களைப்பாக இருக்கிறது.

பசிலியா

*

மணிலா
14 ஜூலை 1995

அக்கா,

இதை நீ ஊரில் கேட்பதற்கு முன்னால் நானே சொல்ல நினைத்தேன். தபால் போகும் வேகத்துக்கு நீ முன்பே கேட்டிருப்பாய்.

ரோமெல் மேயர் கட்சிக்குப் போய்விட்டான். எட்டுப் பேரில் ஆறு பேர் அவர் ஆட்கள். எதிரில் உட்கார்ந்திருந்தால் ஒரு சாக்கடை மூடிகூடப் போட முடியாது என்கிறான். "லோர்ணாவுக்காகவும்தாம்மா" என்கிறான். பாதி உண்மையாக இருக்கும். எந்தப் பாதி என்று நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. பிறகு பேசினேன். பெற்றவள் வேறு என்ன செய்வாள்?

நீ படியேறிய முழங்காலை நினைத்துக்கொள்கிறேன். திட்ட வேண்டும் என்றால் என்னைத் திட்டு. அவனைத் திட்டாதே. அவனைத் திட்டினால் நீ அழுவாய், எனக்குத் தெரியும்.

கொன்சிங்

*

பலிங்கன்
3 ஆகஸ்ட்

கொன்சிங்,

அவனைத் திட்டவில்லை. திட்ட வந்தது, அவன் கஞ்சி கேட்டான், ஊற்றிக் கொடுத்தேன். அதோடு போயிற்று.

அவன் வந்தது ஒரு சேதியோடு. சனிக்கிழமை மேயர் ஊருக்கு நன்றி விருந்து வைக்கிறார், ஆகஸ்ட் முதல் தேதிப் பட்டியலில் லோர்ணா பேர் வரலாம், பெரியம்மா வந்து முன்வரிசையில் சும்மா உட்கார்ந்தால் போதும். "பேச வேண்டாம். சும்மா உக்காருங்க. அவருக்கு மனசு ஆறிடும்" என்றான். லோர்ணா கதவருகில் நின்றிருந்தாள். போங்கள் என்றும் சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் என் வெள்ளைக் கவுனை எடுத்துக் கொடியில் போட்டாள். வெயில் காட்டத்தான் என்று சொன்னாள்.

போனேன். அதே மைதானம். பன்றி நாலு சுட்டிருந்தார்கள், நூடுல்ஸ் அண்டா அண்டாவாக. என்னை மேயரின் அம்மா பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அந்தக் கிழவிக்குக் காது கேட்காது. என் தட்டில் அவளே பன்றித்தோல் எடுத்து வைத்தாள். தின்றேன்.

மேயர் மேடையில் பேசினார். பக்கத்தில் ரோமெல் பச்சைச் சட்டையில், நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேச்சு முடிகிற நேரம் மேயர் மைக்கோடு கீழே இறங்கி என் முன்னால் வந்தார். சிரித்த முகம். "இவங்களை எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பொத்தான் தைச்ச அம்மா. தண்ணி தர்றேன்னு நான் சொன்னேனாம்" என்றார். கூட்டம் சிரித்தது. அப்புறம் குனிந்து, "நெசமாவே நான் அப்படிச் சொன்னேனாம்மா?" என்று மைக்கை என் வாய்க்கு நேரே பிடித்தார்.

அவர் பல்லில் ஒரு கீரைத் துணுக்கு ஒட்டியிருந்தது. கையில் தங்கக் கடிகாரம், மணி ஏழு பத்து. மூன்றாம் வரிசையில் லோர்ணா கடைக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

"வயசாயிடுச்சு மேயர். எனக்கு எதுவும் நெனவில்ல" என்றேன்.

சனம் சிரித்தது. மே மாதம் சிரித்த அதே அளவுக்குச் சிரித்தது, கொன்சிங். ஒரு சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேயர் என் தலையில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

திரும்பி நடக்கையில் லோர்ணா கடைக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பாலத்துக்கிட்ட வந்ததும், "நான் அப்படிச் சொல்லச் சொல்லலையே அத்தை" என்றாள். "சொல்லலைன்னு தெரியும்டி. நட" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரைக்கும் விடவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போய்விட்டாள். அன்றைக்கே இரண்டு பிரசவம். இரண்டும் பெண்.

1971ஐப் பற்றி இனி நான் உன்னிடம் எதுவும் கேட்கப்போவதில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. நினைவில்லை என்று ஊர் முன்னால் சொன்ன வாயை வைத்துக்கொண்டு உன்னைக் கேட்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அதற்காக மற்றதையும் விட்டுவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. 1958இல் நம் அம்மாவின் தையல் மிஷினை என்னிடம் ஒரு சொல் சொல்லாமல் படகில் ஏற்றிக்கொண்டு போனாய். புதன்கிழமை. மழை பெய்துகொண்டிருந்தது. இடுப்பு தேறியதும் கப்பலேறி வா. அதை நேரில் பேச வேண்டும்.

பசிலியா